டெப்போக்காரர் நடை

மேலக்கரைப்பட்டிக்கு அரசாங்கம் கம்பம் நட வருவது புதிதல்ல. தெருவிளக்குக்கு என்று நட்டதில் விளக்கு வரவே இல்லை, ஆடு கட்டியிருக்கிறார்கள். மழை அளக்க என்று நட்டதன் தலையில் இருந்த குவளையை யாரோ கழற்றிப்போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு காட்டின் வரப்பு முனையிலும் இடுப்பு உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பத்தை ஊன்றிவிட்டுப் போனபோது, இதுவும் எத்தனை நாளைக்கோ என்றுதான் ஊர் நினைத்தது. மருதாம்பாள் தன் சாப்பாட்டுத் தூக்கை அதில் மாட்டிப் பார்த்தாள். வாகாக நின்றது.

"அதுல தூக்கெல்லாம் மாட்டாதம்மா," என்றார் ஜெயசீலன். வேளாண்மை அலுவலகத்திலிருந்து வருகிறவர். பதினோரு ஊருக்கு ஒற்றை ஆள். எந்த நேரத்தில் பார்த்தாலும் படுக்க ஒரு இடம் கிடைத்தால் தேவலை என்கிற முகம். "இனிமே உன் மானியம் இதுக்குள்ளதான் இருக்கு."

"எனக்கு எப்ப சார் மானியம் வந்துச்சு, இனிமே வர்றதுக்கு?"

அவர் வரப்பில் உட்கார்ந்தார். அவள் கேட்டது நியாயம்தான். அவள் பாடுபடுகிற மூன்று ஏக்கர் அவளுடையதல்ல, திருச்சியில் இருக்கும் சௌந்தரபாண்டியனுடையது. பஸ் டெப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊரில் அவருக்கு டெப்போக்காரர் என்று பெயர். வாய்ப்பேச்சுக் குத்தகை, பத்தொன்பது வருஷம், காகிதத்தில் ஒரு எழுத்து கிடையாது. உரத்துக்கு, விதைக்கு, சொட்டுநீர்க் குழாய்க்கு என்று வந்ததெல்லாம் பட்டாவில் பேர் உள்ளவருக்கு வந்தது. ஒரு வருஷம் ஐப்பசியில் விடாமல் அடித்த மழையில் மூன்று ஏக்கர் சின்ன வெங்காயமும் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போனது. அதற்கான நிவாரணமும் திருச்சிக்குத்தான் போனது. தை மாதம் மொச்சைக்காய் கொண்டுபோய்க் கொடுக்க அவள் போனபோது அவர் வீட்டுக் கூடத்தில் புதிதாக ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் உட்காரவைத்து அவளுக்குக் காப்பி கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

"இனிமே பட்டா பாத்து வராது," என்றார் ஜெயசீலன். "நடை பாத்து வரும்."

"நடையா?"

"ஆளுக்கு ஆள் முகம் மாறுற மாதிரி நடையும் மாறும். எந்தக் கால எம்புட்டு அழுத்துற, எம்புட்டு நேரம் ஊனுற, எப்ப எடுக்குற, அத்தனையும் இந்தக் கம்பம் மண்ணு வழியா கேட்டுக்கும். பட்டாக்காரரும் உழுவுறவங்களும் ஒரு தடவ இதுக்கு முன்னாடி முப்பது அடி நடந்து பதிஞ்சுக்கணும். அப்புறம் ஒரு போகத்துல ஒரு காட்டுல யாரு நடை அதிகமோ, அந்தக் காட்டுக்கு வர்றதெல்லாம் அவங்களுக்கு."

"கைரேகையே வச்சுக்கலாமே சார்?"

"கையக் காட்டு."

காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தூரத்தில் போன ஒரு டிராக்டரைப் பார்த்தார். "வெங்காயம் நோண்டி, களை எடுத்து, உனக்கு ரேகை எங்க இருக்கு? ரேஷன் கடை மிஷினே உன்ன நாலு தடவ திருப்பி அனுப்புது. அதான் மேல உக்காந்து யோசிச்சிருக்காங்க. காலு தேயாதுன்னு."

மருதாம்பாள் அன்றைக்கே நடந்து பதிந்துகொண்டாள். டெப்போக்காரரும் ஒரு நாள் வந்து, முப்பது அடி நடந்து பதிந்துவிட்டுப் போனார். என்னவோ புதுத் திட்டம், பட்டாக்காரர் வரவேண்டும் என்று சொன்னார்கள், வந்தார், அவ்வளவுதான்.

அந்தப் போகத்து மானியம் மருதாம்பாள் பேருக்கு வந்தது. ஃபோனில் வந்த செய்தியைத் தெருவில் நாலு பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். நாலு பேரும் ஒரே மாதிரி வாசித்தார்கள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. அரசாங்கத்துக்குத் தன் பேர் தெரியும் என்பதே அவளுக்குப் பெரிய சேதியாக இருந்தது. மருந்தடிக்கிற இயந்திரம் ஒன்று புதிதாக வாங்கினாள், பழையது முதுகில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

பத்து நாள் கழித்து டெப்போக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

பல வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் விழுந்ததில் அவருக்கு இடது முழங்கால் மடங்காது. அந்தக் காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டுக் கொண்டுவந்து வைப்பார், உடனே வலது கால் அவசரமாக ஒரு சின்ன அடி வைக்கும், பிறகு ஒரு நொடி நிற்பார். அப்படியே வரப்பில் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

"மருதாம்பா, உன்ன நான் குத்தம் சொல்லல. காசு எனக்குப் பெருசில்ல. ஆனா மூணு வருஷம் உன் நடையே இந்தக் காட்டுல பதிவாச்சுன்னா, நாளைக்குக் கோர்ட்டுல நெலம் யாருதுன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? வக்கீலக் கேட்டுட்டுத்தான் வர்றேன்."

"நான் அப்படிச் செய்வனாங்கய்யா?"

"நீ செய்யமாட்ட. உன் மருமவன் செய்வான். அவன் செய்யாட்டியும் அவனுக்கு ஒரு வக்கீல் கெடைப்பான்." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "தை கழிஞ்சதும் தைலமரம் போட்டுடுறேன். அதுக்கு ஆள் நடக்க வேண்டியதில்ல."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது கையெடுத்துக் கும்பிட்டு எதையாவது சொல்லியிருப்பாள். நிதானமாகச் சொன்னார். மேற்கே பார்த்தால் ஏற்கெனவே நாலு காட்டில் தைலங்கன்று நட்டாகிவிட்டது. கம்பத்தைப் பார்த்துப் பயந்த பட்டாக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மருந்துதான் தெரிந்திருந்தது. அந்த மரம் நின்ற இடத்துக் கிணறு நாலு வருஷத்தில் வற்றிவிடும், பிறகு அந்தக் காட்டில் புல்கூட முளைக்க யோசிக்கும். அதெல்லாம் அவரவர் கவலை.

அவள் புருஷன் நல்லுசாமி வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். விஷயத்தைக் கேட்டு, "வேற காடு பாப்போம்," என்றான்.

"எவன் குடுப்பான்?"

அவன் மூட்டை தூக்கிய தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் களையெடுப்பு. ஆறு பெண்கள். குனிந்த முதுகு மரத்துப்போகும்போது யாராவது ஒருத்தி எழுந்து ஊரில் ஒருவர் மாதிரி நடந்து காட்டுவது அங்கே வழக்கம். நாட்டாமை எப்படி நடப்பார், கர்ப்பமாக இருக்கும் நர்ஸம்மா எப்படி நடப்பாள், தண்டல்காரன் வீடு பூட்டியிருந்தால் எப்படித் திரும்புவான். அதில் மருதாம்பாளை மிஞ்ச ஆள் கிடையாது. "ஏய், ஒங்க டெப்போக்காரர் நடந்து காட்டுடி," என்றாள் செங்கமலம். மற்ற நாளில் மருதாம்பாள் நாலு அடியோடு விட்டுவிடுவாள். அன்றைக்கு வயிற்றெரிச்சல். இடது காலை விறைத்துக்கொண்டு இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரைக்கும் நடந்தாள், திரும்பி நடந்தாள், அவர் மாதிரியே முழங்காலைத் தடவிக்கொண்டு தைலமரம் போடப்போகிறேன் என்றாள். செங்கமலத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சாப்பிட்ட பிறகும் விடவில்லை, இன்னொரு தடவை என்று கேட்டு வாங்கினார்கள்.

சாயங்காலம் ஜெயசீலனிடமிருந்து ஃபோன் வந்தது. "டெப்போக்காரரு இன்னைக்குக் காட்டுக்கு வந்திருந்தாரா? மதியத்துல அவரு நடந்ததா வருதே."

மருதாம்பாளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் காதும் கழுத்தும் சூடாகிவிட்டன.

"ஆமா சார்," என்றாள். "வந்துட்டு அப்பவே போயிட்டாரு."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போனாள். டெப்போக்காரர் வீட்டுக் கூடத்தில் நின்று, என்ன நடந்தது என்பதைச் சொன்னாள். "ஒங்க நடைதான் பதியும். ஒரு நாள் தவறாது. மானியமும் ஒங்களுக்கே வரட்டும். மரம் மட்டும் வேணாங்கய்யா."

"நம்புற மாதிரி இல்லியே. எங்க, நட."

கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். அவருடைய ஊனத்தை அவர் கண்ணுக்கு முன்னாலேயே நடந்து காட்டுவது என்றால் சும்மாவா. உடம்பெல்லாம் கூசியது. அவர் மனைவி லோகாம்பாள் காப்பித் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனவர் அப்புறம் வெளியே வரவே இல்லை. அவர் மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிகால மொதல்ல ஊனாத," என்றார் கடைசியில். "நான் விரல்லதான் ஊனுவேன். குதிகால் பட்டா வலி உயிர் போவும்."

மறுபடி நடந்தாள். விரலில் ஊன்றினாள்.

"அதுதான்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காட்டின் எல்லைக்குள் கால் வைத்தால் டெப்போக்காரர், வெளியே வந்தால் மருதாம்பாள். விளையாட்டுக்கு நாலு அடி நடப்பது வேறு, முதுகில் மருந்துத் தொட்டியோடு வெங்காயப் பாத்திக்கு நடுவில் நாள் முழுக்க அப்படி நடப்பது வேறு. முதல் மாதம் இடுப்பு விட்டுப் போனது. ராத்திரி நல்லுசாமி தவிட்டைச் சூடு பண்ணித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தான். மானியத்தில் பாதியை டெப்போக்காரர் முதல் இரண்டு போகம் அவளிடம் கொடுத்தார். மூன்றாவதில் கண் ஆபரேஷன் என்றார். நாலாவதில் அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. குத்தகை நிற்கிறதே, அது போதும் என்று இருந்தாள்.

ஜெயசீலனுக்குத் தெரியாமல் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். அவளும் பார்த்துவிட்டாள். நடையை மாற்றவில்லை. பாத்தியை முடித்துவிட்டு எல்லையைத் தாண்டி வந்த பிறகுதான் காலை மடக்கினாள்.

"இடுப்ப ஒடிச்சுக்குவ," என்றார்.

"இடுப்பு என்னுது சார். காடுதான் அவருது."

"நீ மட்டும் இல்லம்மா. வேப்பங்குழில ஒருத்தன், முப்பது வயசுப் பய, எம்பது வயசுக் கெழவியா நடக்குறான். பட்டா அந்தம்மா பேருல இருக்கு. இன்னொரு ஊருல அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெங்களூர்ல இருக்குற இன்ஜினியரா நடக்குறானுங்க." அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. "மேல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? நெலத்துக்காரங்கல்லாம் வெவசாயத்துக்குத் திரும்பிட்டாங்களாம். திட்டம் பெரிய வெற்றியாம். போன மாசம் கூட்டத்துல கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்."

"எழுதிடுவீங்களா சார்?"

"எழுதுனா உன் மேல கேஸ். எனக்கு மெமோ. காட்டுல தைலமரம்." அவர் வண்டியைக் கிளப்பினார். "மருந்தடிக்கும்போது மூக்குக்குத் துணியாவது கட்டு."

மூன்றாவது வருஷம் ஒரு நாள் துறையூர் பஸ் நிலையத்தில் மகளைப் பார்க்கப் போக நின்றிருந்தாள். பஸ் வந்த அவசரத்தில் நாலு எட்டு வைத்தாள். பின்னாலிருந்து, "சௌந்தரம் சார், சௌந்தரம் சார்," என்று ஒரு குரல். திரும்பினாள். ஓய்வுபெற்ற கண்டக்டர் போலிருந்தது, கண்ணாடி தடியாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் ஆள் வெலவெலத்துப் போய், "இல்லம்மா, எங்க மேனேஜர் ஒருத்தரு..." என்று முடிக்காமல் நின்றார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது காடு இல்லை. இங்கே எந்தக் கம்பமும் இல்லை. யாருக்காக அப்படி நடந்தோம் என்று யோசித்துக்கொண்டே போனாள்.

வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறாளா என்று நல்லுசாமியிடம் கேட்டாள். "எப்பவோ ஆரம்பிச்சுட்ட," என்றான் அவன். "சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு சொல்லல."

நாலாவது வருஷம் புரட்டாசி. வெங்காயம் முளை விட்டு ஒரு சாண் நிற்கிறது. காலை வேளையில் ஜெயசீலன் வண்டிக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தில் டெப்போக்காரர் சாயல் இருந்தது, தலை மொட்டையடித்து மயிர் அரும்பியிருந்தது.

"அக்கா, நான் ஆனந்தவேல். அப்பா தவறிட்டாரு. நேத்தோட பதினாறு நாள் முடிஞ்சுது. உங்களுக்குச் சொல்ல எங்களுக்குத் தோணல, மன்னிச்சுக்கோங்க."

மருதாம்பாள் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டாள். பதினாறு நாளாக அவள் தினமும் அந்தக் காட்டில் நடந்திருக்கிறாள். அவராக.

"எங்கம்மா ஃபோன்ல அந்த நடைச் செய்தி வரும்," என்றார் ஆனந்தவேல். "'சௌந்தரபாண்டியன் காட்டுக்கு வந்தார்', 'காட்டை விட்டு வெளியேறினார்'னு. அப்பா போனதுக்கு அப்புறமும் தினம் வருது. காலையில ஏழு மணிக்கு அம்மா ஃபோனக் கையில வச்சுக்கிட்டு உக்காந்துடுறாங்க. அவங்களக் கேட்டப்புறம்தான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது."

கேஸ் போடப் போகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"பயப்படாதீங்க. அப்பாவுக்கு இருந்த பயம் எனக்கு இல்ல. நான் இருக்குறது கனடால, எனக்கு இந்த நெலத்துல என்ன வேலை? நீங்களே பண்ணுங்க. உங்க பேருலயே பதிஞ்சுக்குங்க, குத்தகைப் பத்திரமும் போட்டுத் தர்றேன். மானியமும் நீங்களே எடுத்துக்குங்க, அது உங்களுதுதான்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு ராத்திரி ஃப்ளைட். இன்னைக்கே முடிச்சுடலாம்னு சாரையும் கூட்டிட்டு வந்தேன்."

இருபத்திமூன்று வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யணும் சார்?" என்றாள்.

"ஒண்ணும் பெருசில்ல," என்றார் ஜெயசீலன். அவர் முகத்தில்கூட அன்று கொஞ்சம் தெம்பு இருந்தது. "கம்பத்துக்கு முன்னாடி முப்பது அடி, உன் சொந்த நடையில நட. இப்பக் குத்தகைப் பத்திரமும் நடைய வச்சுத்தான். உன் பழைய பதிவோட ஒத்துப்போச்சுன்னா அதுல உன் பேரு ஏறிடும்."

நடந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்தாள். ஜெயசீலன் ஃபோனைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ நட. அவசரப்படாத."

இரண்டாம் தடவை காலைப் பார்க்காமல் நடந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீர்க் குடத்தோடு எப்படி நடந்தாள் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். இடது கால் தானாக வெளியே வளைந்து வந்து விரலில் ஊன்றியது. வலது கால் அவசரப்பட்டது. மூன்றாம் தடவை தொடையைக் கையால் பிடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றினாள். இடுப்பில் சுளீரென்று இழுத்து, விழப் போனவளை ஆனந்தவேல் ஓடிவந்து பிடித்தார்.

"என்ன சார் வருது?" என்றாள் மூச்சு வாங்க.

"அவரு பேருதான் வருது. பக்கத்துல இறந்தவர்னு போட்டிருக்கு."

"அப்ப நான்?"

ஜெயசீலன் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். "நீ நாலு வருஷமா இந்தக் காட்டுக்கு வரவே இல்லன்னு இருக்கும்மா."

"புதுசா பதிஞ்சுக்க முடியாதா?" என்றார் ஆனந்தவேல்.

"ஒரு நடைய ரெண்டு பேருக்குத் தராது. அதுவும் செத்தவர் நடைய. இனிமே இந்தம்மா இங்க நடந்தாலே செத்தவரு நடக்குறதாத்தான் மேல தெரியும். தரணும்னா இந்தம்மா நாலு வருஷமா உங்கப்பா மாதிரி நடந்துச்சுன்னு எழுதிக் குடுக்கணும். எழுதுனா முதல் கேஸ் இந்தம்மா மேல, ரெண்டாவது தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருந்த என் மேல." அவர் கொஞ்சம் தயங்கினார். "மானியத்த வாங்குனது உங்கப்பா. அவரு பேரும் வரும்."

ஆனந்தவேல் குனிந்து ஒரு வெங்காயத் தாளைத் தொட்டுப் பார்த்தார். நல்ல பிள்ளைதான், அதையும் சொல்லவேண்டும். "அம்மா இத தாங்கமாட்டாங்க அக்கா," என்றார். "இந்த வெங்காயத்த எடுத்துக்கோங்க. எனக்கு ஒண்ணும் தர வேணாம். அதுக்கு அப்புறம்... ஆள் நடக்க வேண்டாத மாதிரி ஏதாவது போட்டுடச் சொல்றேன். ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு உங்க காலு சரியாச்சுன்னா சொல்லுங்க."

"சரிங்க தம்பி," என்றாள். வேறென்ன சொல்வது? மரம் வேர்விட்ட காட்டில் வெங்காயம் விளையாது என்று கனடாவில் இருக்கிறவருக்கு விளக்கி என்ன ஆகப்போகிறது.

களைக்கொத்தைக் குனிந்து எடுத்தாள். தூக்கை எடுத்துக்கொண்டாள். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும்போல் இருந்தது. வரப்பில் ஏறி, அரைவட்டமாக ஒரு காலும் அவசரமாக ஒரு காலுமாக நடந்து, கம்பத்தைத் தாண்டி வண்டிப்பாதைக்கு வந்தாள்.

ஜெயசீலன் கையிலிருந்த ஃபோன் ஒரு முறை மணியடித்தது. சௌந்தரபாண்டியன் காட்டை விட்டு வெளியேறினார் என்று அதில் இருந்தது.